பேரனைச் சிறுவர் இல்லத்தில் விடலாமா?

கேள்வி: மகளும் மருமகனும் பிரிந்து எட்டு மாதம். விவாகரத்து வழக்குப் போடப் போகிறார்கள். பேரனுக்கு ஒன்பது வயது. தகப்பன் கொழும்பில் வேலை என்று சொல்லி வைத்திருக்கிறோம். ஆனால் அந்தக் குடிகாரன் விசுவமடுவில் தமக்கை வீட்டில்தான் இருக்கிறான். அவன் முகத்தையே பிள்ளை பார்க்கக் கூடாது. இப்போது பேரன் பள்ளிக்கூடம் போக மறுக்கிறான், இரவில் படுக்கையை நனைக்கிறான். வவுனியாவில் ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டால் படிப்பாவது நடக்கும் என்கிறார்கள் சொந்தக்காரர். விடலாமா?
– ஓர் அம்மம்மா, கிளிநொச்சி மாவட்டம்

பதில்: விடாதீர்கள், அம்மா.

தகப்பன் போன பிறகு தாயும் தன்னை அனுப்பிவிட்டாள் என்றுதான் அவன் எடுத்துக்கொள்வான். போரில் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு இல்லங்கள் தேவைப்பட்டன. இன்று இலங்கையின் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். உங்கள் பேரனுக்கு இருவரும் இருக்கிறார்கள், நீங்களும் இருக்கிறீர்கள்.

அவனுக்கு முதலில் வேண்டியது உண்மை. தகப்பன் விசுவமடுவில் இருப்பது ஊருக்கே தெரியும். வகுப்பில் யாராவது சொல்லியிருப்பார்கள். பெரியவர்கள் ஒளித்தால், ஒன்பது வயதுப் பிள்ளை காரணத்தைத் தன்னிடம் தேடும்: நான் குழப்படி செய்தேன், அதனால்தான் அப்பா போய்விட்டார். படுக்கை நனைவதற்கு அவனை ஏசாதீர்கள். ஒருமுறை டொக்டரிடம் காட்டி, சிறுநீரில் கிருமி இல்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். கிருமி இல்லையென்றால் அது பெரும்பாலும் பயம்தான்.

உண்மையைத் தாயும் தகப்பனும்தான் சொல்ல வேண்டும். ஒன்றாக உட்கார முடியாவிட்டால் தனித்தனியாக, ஆனால் ஒரே மாதிரி: "நாங்கள் இனி ஒரு வீட்டில் இருக்க மாட்டோம். இது உன்னால் வந்ததில்லை. நீ அம்மாவோடு இருப்பாய், இந்த இந்த நாளில் அப்பாவைப் பார்ப்பாய்." குடித்துவிட்டு வரும் நாளில் பிள்ளையை அனுப்பத் தேவையில்லை, நம்பிக்கையான ஒருவர் முன்னிலையில் சந்திக்க வையுங்கள். அடிதடி இருந்திருந்தால் அதை நீதிமன்றத்தில் சொல்லுங்கள். அதற்காக "குடிகாரன்" என்ற சொல்லைப் பேரன் காதில் போடாதீர்கள். அவனுக்கு அவர் அப்பா.

அடுத்தது, உதவி. பிரதேச செயலகத்துக்கு அரசாங்க உதவிப் பணத்துக்கும் காணிக்கும்தான் போகிறோம். அங்கே உளவளத்துணை உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் இருக்கிறார்கள்; இந்த மாதிரி விஷயம் அவர்களின் வேலையே. அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தில் வகுப்பாசிரியருக்கும் ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியருக்கும் வீட்டு நிலைமையை மகள் நேரில் போய்ச் சொல்லட்டும். இல்லாவிட்டால் அவனைக் குழப்படிக்காரன் என்று அடிப்பார்கள். அப்புறம், கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. "விசருக்கு மருந்து எடுக்கிற இடம்" என்று சனம் கதைக்கும். கதைக்கட்டும். யாரிடம் போவதென்று தெரியாவிட்டால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்கு எடுங்கள். கட்டணமில்லை, 24 மணி நேரமும் எடுக்கலாம்.

செலவுக்குக் காசில்லாததால்தான் இல்லம் என்ற யோசனை வந்ததென்றால், அதற்கும் வழி இருக்கிறது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டத்தின்படி, விவாகரத்து முடியும்வரை காத்திருக்காமல் நீதவான் நீதிமன்றத்தில் தகப்பனிடமிருந்து பிள்ளையின் செலவுக்குத் தாபரிப்புப் பணம் கேட்கலாம். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவும். ஆனால் காசு தந்தால்தான் பிள்ளையைக் காட்டுவோம் என்று நிற்காதீர்கள்; இரண்டும் வேறு வேறு.

இந்தப் பதிலை மகளிடம் வாசிக்கக் கொடுங்கள். முடிந்தால் மருமகனுக்கும் ஒரு பிரதி போகட்டும்.