அப்ரூவல் வந்தது சரி, பணம் வந்ததா?

இன்சூரன்ஸ் கிளெய்ம் பற்றி மருத்துவமனைகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்.

எங்கள் மருத்துவமனையில் மாதம் முப்பது கேஷ்லெஸ் கேஸ் (நோயாளிக்குப் பதில் இன்சூரன்ஸ் கம்பெனி நேரடியாக எங்களுக்குப் பணம் தருவது) பார்க்கிறோம். அப்ரூவல் தொகையும் வங்கியில் விழும் தொகையும் ஒத்தே போவதில்லை. டிபிஏ, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனிக்காகக் கிளெய்மைக் கையாளும் இடைநிலை நிறுவனம், ஏமாற்றுகிறதா?

அந்த முடிவுக்கு வருமுன் ஒரு ஃபைலைப் பிரித்துப் பாருங்கள். அப்ரூவல் 80,000 ரூபாய் என்று வைப்போம். நீங்கள் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 10 சதவீதத் தள்ளுபடி இருந்தால் 72,000. அதில் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி, 10 சதவீதம், 7,200. வங்கிக்கு வர வேண்டியது 64,800. அந்த 7,200 உங்கள் பணம்; வருமான வரித்துறையில் உங்கள் பெயரில் உள்ள வரிப்பிடித்தப் பதிவான 26ஏஎஸ்-இல் நிற்கும், வரியில் கழித்துக்கொள்ளலாம். பல இடங்களில் இதையும் 'கட்டிங்' என்று எழுதிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வந்தது 61,200 என்றால்தான் விவகாரம். அப்ரூவலுக்குப் பிறகு 4,000 ரூபாயை வெட்டியிருக்கிறார்கள்: 72,000 என்பது 68,000 ஆகி, அதில் டிடிஎஸ் 6,800 போக மிச்சம் 61,200. எதற்கென்று செட்டில்மென்ட் கடிதத்தில் இருக்கும். அந்த மெயிலை உங்கள் ஆஸ்பத்திரியில் யார் திறக்கிறார்கள்?

கண்புரை ஆபரேஷன் கிளெய்ம் ஒன்று, 'ஆவணம் போதவில்லை' என்று மூன்று மாதமாக நிற்கிறது.

முதலில், கண்ணுக்குள் வைத்த லென்ஸின் ஸ்டிக்கரைத் தேடுங்கள். லென்ஸ் வரும் பெட்டிக்குள் சீரியல் எண்ணுடன் சில ஸ்டிக்கர்கள் இருக்கும். ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டிவிட்டு மிச்சத்தைப் பெட்டியோடு குப்பையில் போட்டுவிடுவார்கள். அந்த ஷீட் காணாமல் போனால் கதை முடிந்தது. நான் போன ஒரு மருத்துவமனையில் தியேட்டர் சிஸ்டர் மிச்ச ஸ்டிக்கரை நாற்பது பக்க நோட்டில் தேதிவாரியாக ஒட்டிவைத்திருந்தார். அங்கே வாங்கிப் போட்டிருந்த சாஃப்ட்வேரைவிட அந்த நோட்டுதான் உருப்படி. ஸ்டிக்கரோடு லென்ஸ் வாங்கிய இன்வாய்ஸையும் சேர்த்து அனுப்புங்கள்.

நோயாளி பாலிசியில் உள்ள அறை வாடகை வரம்பைத் தாண்டினார் என்று மருந்து பில்லிலும் விகிதப்படி கழித்துவிட்டார்கள்.

கழிக்கக் கூடாது. இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2020-இலேயே சொல்லிவிட்டது: மருந்து, இம்ப்ளான்ட், பரிசோதனை, ஐசியு கட்டணம் எதிலும் இந்த விகிதக் கழிவு கிடையாது. அறையின் வகையைப் பொறுத்துச் சிகிச்சைக் கட்டணங்களை மாற்றாத மருத்துவமனையாக இருந்தால் மற்றதிலும் கிடையாது. சிறிய மருத்துவமனைகள் பலவும் இந்த ரகம்தான். உங்கள் கட்டணப் பட்டியலை இணைத்து மறுபரிசீலனைக்கு எழுதுங்கள். போனில் சண்டை போட்டுப் பயனில்லை.

கையுறை, மாஸ்க், டயப்பர் செலவை யாரிடம் வாங்குவது?

நோயாளியிடம்தான், டிஸ்சார்ஜுக்கு முன். இன்சூரன்ஸில் பணம் தராத பொருட்களின் பட்டியலில் 68 இருக்கின்றன. அட்மிஷன் அன்றே காட்டிவிடுங்கள். வீட்டுக்குப் போனவரிடம் 900 ரூபாய்க்காகப் போன் செய்ய யாருக்கும் மனம் வராது. பில்லில் வெறுமனே 'கிட்' என்று போடாதீர்கள். உள்ளே என்னென்ன என்று பிரித்து எழுதாவிட்டால் அதுவும் அந்தப் பட்டியலில்தான் சேரும்.