தார்சா இல்லாத வீடு

அன்புள்ள தம்பிக்கு,

சிங்கப்பூருக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது என்றும், முக்கூடலில் தாத்தா காலத்து ஆறு சென்ட் மனையில் உங்கள் கனவு வீட்டை வருகிற தை மாதமே கட்டத் தொடங்கலாமா என்றும், அண்ணாச்சி என்ற உரிமையோடு கேட்டிருக்கிறீர்கள். எந்த வட்டாரத்தில் அறை வாடகை குறைவு, சொந்தமாகச் சமைத்தால் எவ்வளவு மிச்சமாகும், பணம் அனுப்ப எது நல்ல வழி என்ற கேள்விகளும் கூடவே இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் உங்கள் அறையில் இருப்பவர்களே என்னைவிட நல்ல பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை நம் ஆட்கள் கூடுகிற தேக்காவில் அரை மணி நேரம் நின்றாலும் போதும். வீட்டைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய வரைபடத்தைப் பார்த்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

இரண்டு மாடி, முன்பக்கம் கண்ணாடி பதித்த பால்கனி, குளியலறையோடு கூடிய மூன்று படுக்கையறைகள், பளிங்குத் தரை, கார் நிறுத்த இடம் என்று எல்லாவற்றையும் அளவோடு குறித்திருக்கிறீர்கள். அம்மா இன்னும் பீடி சுற்றுகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அவர்கள் பீடி இலை வைத்த சுளகை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுப் பெண்களோடு எங்கே உட்காருவார்கள் என்பது அந்த வரைபடத்தில் எங்குமே இல்லை.

நானும் இதே வீட்டைத்தான் வரைந்தேன். 1996-இல், டிப்ளமோ முடித்த கையோடு, அம்மாவின் நகையை விற்றும் வயலை ஒத்திக்கு வைத்தும் ஏஜெண்டுக்குப் பணம் கட்டி இங்கே வந்தேன். மேற்பார்வையாளர் வேலை என்று சொல்லி அனுப்பினார்கள்; வந்து இறங்கியதும் என் கையில் கொடுத்தது கம்பி கட்டும் குறடு. நாளொன்றுக்கு 16 வெள்ளி கூலி. கட்டடம் எழும்புகிற இடத்திலேயே தகரக் கொட்டகை, அதற்குள் அடுக்குக் கட்டில்கள், ஓர் அறைக்குப் பதினெட்டுப் பேர். பகலெல்லாம் அடுத்தவர்கள் குடியேறப்போகிற வீடுகளுக்குக் கம்பி கட்டிவிட்டு, இரவில் சிமெண்டுப் பையின் தாளைக் கிழித்து அதன் வெள்ளைப் பக்கத்தில் என் வீட்டை வரைந்துகொண்டிருப்பேன். கடன் அடைகிற வரைக்கும் என்னைத் தாங்கியது அந்தத் தாள்தான். ஆகையால் கனவு காணாதீர்கள் என்று உங்களிடம் சொல்ல எனக்கு வாய் வராது.

2001-இல் சேரன்மகாதேவிக்குத் தெற்கே, கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் இருக்கிற எங்கள் ஊரில், அந்தத் தாளில் இருந்தபடியே வீட்டைக் கட்டினேன். கட்டினேன் என்பது தவறு. பணம் அனுப்பினேன், நெருங்கிய உறவினர் ஒருவர் கட்டினார். அதற்காகப் பழைய வீட்டை இடிக்கச் சொன்னதும் நான்தான். தெருவைப் பார்த்த திறந்த தாழ்வாரமான தார்சா, அதைத் தாண்டினால் பட்டாசல் என்கிற நடுக்கூடம், அடுக்களை, பாத்திரம் கழுவுகிற அங்கணம், புறவாசலில் தொழுவம் என்று நம் பக்கத்தில் எல்லோரும் அறிந்த அமைப்புதான் அது. கடுக்காயும் கருப்பட்டியும் ஊற வைத்த தண்ணீரில் சுண்ணாம்பைக் குழைத்துத் தளம் போட்ட மட்டப்பாக் கூரை, சித்திரை வெயிலிலும் உள்ளே குளிர்ச்சியாக இருக்கும். மேற்குச் சுவரில் ஒரு சிறிய சன்னல்தான் உண்டு. பிற்பகல் வெயிலும், ஆனி ஆடியில் மலைப்பக்கமிருந்து அடிக்கிற காற்றின் புழுதியும் எந்தத் திசையிலிருந்து வரும் என்று அறிந்தவர்கள் கட்டிய வீடு அது. அந்த மேற்குப் பக்கத்தில்தான் நான் ஆறடிக்கு ஆறடி கண்ணாடிச் சன்னல் வைக்கச் சொன்னேன். இங்கே ஒரு கட்டடத்தில் பார்த்திருந்தேன்; நன்றாக இருந்தது.

மாடியில் தளம் போட்டது சித்திரை மாதத்தில். மூன்று நாள் தண்ணீர் விட்டுவிட்டு நிறுத்திவிட்டார்கள். சாதாரண போர்ட்லாண்ட் சிமெண்டு என்றால் குறைந்தது 7 நாளும், சாம்பல் கலந்த சிமெண்டு என்றாலோ வெயில் காய்கிற காலம் என்றாலோ குறைந்தது 10 நாளும் தளம் ஈரமாகவே இருக்க வேண்டும். சிமெண்டும் புதிதல்ல, மழைக்கு முன்பே வாங்கி மாதக்கணக்கில் அடுக்கி வைத்திருந்த மூட்டைகள். மூன்று மாதம் கிடந்த மூட்டை தன் வலுவில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடக்கூடும். ஆயிரம் குடும்பங்களுக்கு விதிப்படி கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்த எனக்கு, என் வீட்டுத் தளம் ஐப்பசி மழையில் ஒழுகுகிறது என்ற செய்தி தொலைபேசியில் வந்தது. அந்த உறவினரை நான் குறை கூறவில்லை. பக்கத்தில் நின்று பார்க்க முடியாத ஒருவன் இன்னொருவர் தலையில் அத்தனை பொறுப்பையும் ஏற்றியது என் பிழை.

அப்பா 2008-இல் இறந்தார். நான் போய்ச் சேர்ந்தபோது, அவரைக் கார் நிறுத்துவதற்கென்று விட்டிருந்த இடத்தில் கிடத்தியிருந்தார்கள். அந்த வீட்டில் கார் இருந்ததே இல்லை. முன்கூடத்துக்கு ஏறுகிற படி குறுகலானது, நடுவில் திரும்புவது; பாடையைத் தூக்கிக்கொண்டு திரும்ப முடியாது. வந்த பெண்கள் தெருவில் வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு அம்மா ஒரே ஒரு முறைதான் சொன்னார்கள்: "அந்தத் தார்சாவ இடிக்காம இருந்திருந்தா உங்க அப்பாவ அங்ஙன கெடத்திருக்கலாம்லா."

தம்பி, இதை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், நீங்களும் இந்தத் தையில் தொடங்க நினைப்பதுதான். முதலில் உங்கள் அனுமதிச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஒர்க் பெர்மிட் என்பது ஒரு முதலாளியோடு கட்டப்பட்டது. அந்த வேலை போய், வேறு முதலாளியிடம் மாறவும் முடியாவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டியதுதான். ஏஜெண்டுக் கடன் அடையாமல், இந்தச் சம்பளத்தை நம்பி இருபது ஆண்டு வங்கிக் கடன் எடுத்தவர்கள் பலரை நான் அறிவேன். ஜன்னலுக்குக் கம்பி வைக்காமலும் சுவருக்குப் பூச்சு இல்லாமலும் பாதியில் நிற்கிற வீடுகளை அம்பாசமுத்திரம் சாலையில் போகிறபோது எண்ணிப் பாருங்கள்; அவற்றில் பாதியேனும் வெளிநாட்டுக் காசில் தொடங்கியவை என்பேன்.

அதைவிட என்னைக் கலங்க வைத்தது, பட்டா இன்னும் தாத்தா பெயரில்தான் இருக்கிறது, சித்தப்பாமார் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்று நீங்கள் எழுதிய வரி. சித்தப்பாமார் சொல்லாமல் இருக்கலாம். தாத்தா உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் சொந்தமாகச் சம்பாதித்த சொத்தில் உங்கள் அத்தைமாருக்கும் மகன்களுக்குச் சமமான பங்கு உண்டு. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்தே உண்டு. வாரிசுச் சான்றிதழில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினையோ, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிவாகி, உங்கள் பெயருக்குப் பட்டா மாறி, நில அளவைப் புலப்படத்தில் உங்கள் பங்கு தனியே அளந்து காட்டப்பட்ட பிறகுதான் ஒரு செங்கல்லேனும் இறக்க வேண்டும். அத்தைமாரிடம் கேட்பதைக் கௌரவக் குறைவாக நினைக்காதீர்கள். வீடு எழும்பிய பிறகு கேட்டால் அவர்கள் பேசுவது மனையைப் பற்றியாக இருக்காது, வீட்டைப் பற்றியதாக இருக்கும்.

யாருக்காவது பவர் பத்திரம் கொடுக்க நேர்ந்தால் பொது அதிகாரம் கொடுக்காதீர்கள். கட்டட அனுமதி வாங்க, மின் இணைப்பு வாங்க என்று குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டும், விற்கவும் அடமானம் வைக்கவும் உரிமை இல்லை என்று தெளிவாக எழுதிக் கொடுங்கள். இங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்பிய பத்திரத்துக்கு, அது இந்தியாவுக்குப் போய்ச் சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்த வேண்டும். அதை விட்டுவிட்டு அலைந்தவர்கள் உண்டு. மனையை ஒட்டிய வயலையும் சேர்த்து வாங்கிவிடலாம் என்று யாராவது ஆசை காட்டினால் அதற்கும் செவி கொடுக்காதீர்கள். வெளிநாட்டில் வேலை செய்து குடியிருக்கிறவர் விளைநிலமோ தோட்டமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க அன்னியச் செலாவணிச் சட்டம் இடம் தராது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளத் தடையில்லை.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதையும், தாமிரபரணி திருநெல்வேலி நகருக்குள் புகுந்ததையும் நீங்களே பார்த்திருப்பீர்கள். எங்கள் ஊரில் கால்வாயை ஒட்டிப் புதிதாகப் போட்ட மனைகளில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பழைய தெருவில் படிக்கட்டோடு நின்றுவிட்டது, ஏனென்றால் அந்தத் தெரு எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர்கள் ஆற்றைப் பார்த்திருந்தார்கள். உங்கள் மனையும் ஆற்றுக்கு எவ்வளவு பக்கம் என்று எனக்குத் தெரியும். அன்று தண்ணீர் எந்தக் கல் வரை வந்தது என்று தெருவிலுள்ள பெரியவர்களிடம் கேட்டு, அதற்கு மேலே இரண்டடியாவது பேஸ்மட்டத்தை உயர்த்துங்கள். அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டுகிறபோது கரிசல் மண் தட்டுப்பட்டால், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற அந்த மண்ணில் சாதாரண கல் அஸ்திவாரம் நிற்காது. பொறியாளரைக் கூப்பிட்டு, தூண் இறக்கிப் பீம் கட்ட வேண்டும். வாஸ்து பார்க்கச் செலவழிக்கிற பணத்தில் பாதி பொறியாளரைக் கூப்பிடப் போதும்.

இங்குள்ள நம்மவர்களில் ஒரு சாரார் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீட்டைப் புறாக்கூடு என்று சொல்லிக்கொண்டு, ஊரில் மாளிகை கட்டிப் பூட்டி வைத்திருக்கிறார்கள். அவர்கள் பேச்சைக் கேட்டு நீங்களும் மனம் மாற வேண்டாம். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபோது இந்த நாட்டில் குடிசைகளில் வாழ்ந்தவர்கள் ஏராளம்; இன்று குடிமக்களில் நான்கில் மூன்று பேருக்கு மேல் அந்த வீடுகளில்தான் வாழ்கிறார்கள். 2004-இல் நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ் முறை வந்த பிறகு நான் அதற்கு மாறி, 2007-இல் நிரந்தரவாசியாகி, 2009-இல் உட்லண்ட்ஸில் மறுவிற்பனைக்கு வந்த நாலறை வீடு ஒன்றை வாங்கினேன். இப்போது நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டு கழிந்தால்தான் வாங்க முடியும். ஏறத்தாழ 90 சதுர மீட்டர், 99 ஆண்டுக் குத்தகை. இடப்பக்கம் மலாய்க் குடும்பம், வலப்பக்கம் சீனப் பாட்டி. ஒவ்வொரு புளோக்கிலும் எல்லா இனத்தவரும் கலந்திருக்க வேண்டும் என்று 1989-இல் கொண்டுவந்த விதி எனக்குத் தந்த அண்டை வீட்டார். அங்கே வாழ்ந்து பழகிய பிறகுதான் ஒரு குடும்பத்துக்கு உண்மையில் எத்தனை அறை வேண்டும் என்பதும், கீழ்த்தளத்தில் எல்லோரும் வந்து உட்காரும் திறந்த இடம் எதற்காக விட்டிருக்கிறார்கள் என்பதும் எனக்கு விளங்கின. திருமணமும் துக்கமும் அங்கேதான் நடக்கின்றன. நான் இடித்த தார்சாவை இந்த நாட்டில் புளோக்குக்குப் புளோக்கு கட்டி வைத்திருக்கிறார்கள்.

2012-இல் நாலு மாத விடுப்பு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய், கொத்தனாரோடு தினமும் நின்று, முன்பக்கத்தை இடித்தேன். கார் இடம் போய்விட்டது, திரும்புகிற படி போய்விட்டது. பதினாறடி நீளத்துக்குத் தார்சா வந்தது. தாழ்வான மூன்று படி, சாய்ந்துகொள்ள இரண்டு தூண், காவி பூசிய தரை. மேற்குச் சன்னலை அடைத்துவிட்டு, பின்பக்கம் வானம் பார்த்த சிறு முற்றம் விட்டேன். தளத்துக்கு நானே பாத்தி கட்டிப் பதினாலு நாள் தண்ணீர் நிறுத்தினேன். பால் காய்ப்பு எல்லாம் மறுபடி வைக்கவில்லை. ஒரு வாரத்தில் எதிர்வீட்டு மதினி தன் சுளகோடு வந்து உட்கார்ந்தார்கள். மாலையில் நாலு பேர் ஆனார்கள். அம்மா கடைசி எட்டு ஆண்டுகளையும் அந்தத் தரையில்தான் கழித்தார்கள். மாடிக்கு அவர்கள் ஒரு நாளும் ஏறவில்லை.

உங்கள் ஆறு சென்டில் இரண்டு மாடிக்கு இடமிருக்கிறது என்பதற்காக இப்போதே இரண்டு மாடி வேண்டியதில்லை. மேலே கட்டத் தாங்குகிற அளவுக்கு அஸ்திவாரத்தைப் போட்டுவிட்டு, கீழே எட்டுச் சதுரத்தில், அதாவது எண்ணூறு சதுர அடியில், அம்மாவுக்கு ஏற்ற வீட்டைக் கட்டலாம். அதுவும் தையில் அல்ல. கடன் அடைந்து, பத்திரம் பதிவான பிறகு. இரண்டு ஆண்டு ஆகட்டும். மனை எங்கும் போய்விடாது.

கார்த்திகையில் நான் ஊருக்கு வருவேன். மழை பெய்திருக்கும் நேரம். மனையில் எந்த மூலையில் தண்ணீர் நிற்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். உங்கள் தம்பியை வரச் சொல்லுங்கள். அதற்குள் அம்மாவிடம் அடுப்பு எந்தப் பக்கம் வேண்டும், எத்தனை படி ஏற முட்டி இடம் கொடுக்கிறது, வெளிச்சம் எங்கே விழுந்தால் இலை வெட்டச் சௌகரியம் என்று கேட்டு எழுதுங்கள். அளவு நாடாவும் கொஞ்சம் சுண்ணாம்புத் தூளும் நான் கொண்டு வருகிறேன். தார்சாவைத் தரையில் கோடு போட்டு, அம்மாவை அதற்குள் உட்கார வைத்துப் பார்ப்போம்.