பதில்: அம்மா எழுதிக் கொடுத்த வீட்டைத் திரும்பப் பெற முடியுமா?

அம்மா 2019-இல் வீட்டை அண்ணனுக்கு எழுதிக் கொடுத்தார், அண்ணன் இப்போது அவரைப் பார்த்துக்கொள்வதில்லை, அந்தப் பத்திரத்தை ரத்து செய்யப் போனால் சார்பதிவாளர் மறுத்துவிட்டார் என்று கேட்டிருந்தீர்கள். சார்பதிவாளர் ரத்துப் பத்திரத்தைப் பதிய மறுத்தது சரிதான். தான செட்டில்மெண்ட்டை (பணம் வாங்காமல் சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரத்தை) அம்மா தனியாக ரத்து செய்ய முடியாது. அதற்காக வழி அடைபட்டுவிடவில்லை. மூத்த குடிமக்கள் சட்டம் 2007, பிரிவு 23(1)-இன் கீழ் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மனு கொடுங்கள். பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் பராமரிக்காவிட்டால், பத்திரம் செல்லாது என அறிவிக்க இந்தப் பிரிவு இடம் தருகிறது. அம்மாவுக்கு 72 வயது, பத்திரம் 2019, இரண்டும் பொருந்துகின்றன.

சிக்கல், பத்திரத்தில் 'பராமரிக்க வேண்டும்' என்ற வரி இல்லாதது. 2022-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை மனுவில் சொல்லி நிரூபிக்க வேண்டும் என்றது. ஆனால் 2025-இல் சென்னை உயர் நீதிமன்றம், 'அன்பினாலும் பாசத்தினாலும்' எழுதியதிலேயே அது அடங்கியிருக்கிறது என்றது. உங்கள் பத்திரத்தில் அந்தச் சொற்கள் இருக்கிறதா, முதலில் பாருங்கள்.

பலர் 'மகன் சோறு போடவில்லை' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதினால் மாதப் பணத்துக்குத்தான் உத்தரவு வரும், வீடு திரும்பாது. அண்ணன் என்ன வாக்குக் கொடுத்தார், எப்போதிலிருந்து மீறுகிறார், பத்திரம் செல்லாது என அறிவிக்க வேண்டும் என்று தெளிவாக எழுதுங்கள். மருந்துச் செலவை நீங்கள் கட்டிய ரசீதுகளையும் இணையுங்கள்.

இன்றே வில்லங்கம் (வீட்டின் மீது பதிவான அடமானம், விற்பனையைக் காட்டும் சான்று) போட்டுப் பாருங்கள். வீடு அடமானத்திலோ கைமாறியோ இருந்தால் வக்கீலைப் பார்க்காமல் நகராதீர்கள். மனு தள்ளுபடியானால் 60 நாளுக்குள் ஆட்சியரிடம் மேல்முறையீடு.