அந்தி வெளிச்சம்: கேள்வி பதில்

கேள்வி: சூரியன் மறைந்த பிறகும் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

பதில்: மறைந்தது தரையில் நிற்கும் நமக்குத்தான். பல கிலோமீட்டர் உயரத்திலுள்ள காற்றின் மேல் வெயில் இன்னும் விழுந்துகொண்டிருக்கும். அது சிதறடிக்கும் ஒளிதான் அந்தி. சூரியன் தொடுவானத்துக்குக் கீழே 6 டிகிரி இறங்கும்வரை விளக்கில்லாமல் வெளி வேலை பார்க்கலாம். 12 டிகிரி வரை கடலில் தொடுவானக் கோடு தெரியும். மாலுமிகள் நட்சத்திர உயரத்தை அளந்தது இந்த இடைவெளியில்தான். 18 டிகிரியைத் தாண்டினால் முழு இரவு. ஒன்று சொல்லிவிடுகிறேன்: சூரியனின் விளிம்பு துளி தெரிந்தாலும் பைனாகுலரைக் கண்ணில் வைக்காதீர்கள். பார்வையே போய்விடும்.

கேள்வி: நிலநடுக்கோட்டுப் பக்கம் சட்டென்று இருட்டுகிறது, வடக்கே இழுத்துக்கொண்டே போகிறது. ஏன்?

பதில்: அங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்கும், சுமார் 70 நிமிடத்தில் முழு இரவு வந்துவிடும். வடக்கே போகப்போகச் சாய்வாக இறங்கும். செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஜூன் கடைசியில் நள்ளிரவிலும் சூரியன் 7 டிகிரிகூட இறங்குவதில்லை. ராத்திரி முழுக்க அந்திதான்.

கேள்வி: படம் எடுக்க நல்ல நேரம் எது?

பதில்: சூரியன் மறைந்து பதினைந்து, இருபது நிமிடம் கழித்து. வடக்கே இன்னும் தாமதமாகும்.

கேள்வி: அப்போது உச்சி வானத்தில் தெரியும் ஆழ்ந்த நீலம் பகல் நீலம்தானே?

பதில்: இல்லை! இதைக் கேட்டதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம். பகல் நீலம், காற்று மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகம் சிதறடிப்பதால் வருவது. அந்தியில் வெயில் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வருகிறது, வழியிலேயே நீலத்தைப் பெருமளவு இழந்துவிடுகிறது. அந்தக் கணக்குப்படி உச்சி வானம் வெளிறி மஞ்சள் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். அப்படி ஆகாததற்குக் காரணம் ஓசோன். ஆரஞ்சு, மஞ்சள் நிறங்களை அது கொஞ்சமாக உறிஞ்சும். நெடுந்தூரப் பாதையில் அந்தக் கொஞ்சமே பெரிதாகிவிடும். 1953-இல் இதைக் கணக்கிட்டுக் காட்டியவர் ஹல்பர்ட் என்ற அமெரிக்க இயற்பியலாளர்.

கேள்வி: தூசியும் புகையும் இருந்தால்தான் செவ்வானம் அழகாக இருக்குமாமே?

பதில்: தவறு. தரையோரத் தூசி நிறத்தை மங்கடிக்கும். மழை கழுவிவிட்ட வானத்தைப் பாருங்கள், தெரியும்.

கேள்வி: 1883-இல் கிரகடோவா எரிமலை வெடித்த பிறகு உலகமெங்கும் வானம் சிவந்ததே? அது தூசிதானே?

பதில்: நல்ல மறுப்பு. அங்கே முக்கியமான வேலை செய்தவை கந்தக அமிலத் துளிகள். மிகச் சிறியவை, இருபது கிலோமீட்டர் உயரத்தை ஒட்டி மிதந்தவை. தரை இருண்ட பிறகும் அந்த உயரத்தில் வெயில் படும், அதனால் வானம் பற்றி எரிவதுபோல் தெரியும். கீழே கிடக்கும் தூசியோ பல அளவுகளில் கலந்து கிடப்பது, எல்லா நிறத்தையும் ஒன்றாகச் சிதறடித்து வெளுக்க வைக்கும். சூரியன் இறங்கியதும் நிழலுக்குள்ளும் போய்விடும்.

கேள்வி: ஆனால் புகைமூட்டத்தில் சூரியன் ரத்தச் சிவப்பாகத் தெரிவதை நானே பார்த்திருக்கிறேன்.

பதில்: நானும்தான். சிவப்பது சூரியனின் வட்டம். சுற்றியுள்ள வானம் அழுக்குப் பழுப்பாகத்தான் இருக்கும். நாம் பேசுவது வானத்தைப் பற்றி. அந்தச் சிவப்புச் சூரியனையும் உற்றுப் பார்க்காதீர்கள். மங்கலாகத் தெரிவதாலேயே பாதுகாப்பு என்றாகிவிடாது.

கேள்வி: கிழக்கே சாம்பல் நீலப் பட்டை, அதற்கு மேல் இளஞ்சிவப்பு. மேகமா?

பதில்: பூமியின் நிழல். காற்றின் மேல் விழுந்து மேலே ஏறிக்கொண்டிருக்கும். எல்லோரும் மேற்கையே பார்த்துக்கொண்டு இதை விட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து திரும்பிப் பாருங்கள்.

கேள்வி: படம் எடுக்க எந்த நேரம்?

பதில்: மேலே சொல்லியாயிற்று.

கேள்வி: இருட்டத் தொடங்கினால் எனக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை.

பதில்: கண் மருத்துவரிடம் போங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: காலையா மாலையா, எப்போது படம் எடுப்பது?

பதில்: மூன்றாவது முறை. மேலே படியுங்கள், காலையில் அதையே தலைகீழாக வையுங்கள்.

கேள்வி: புதன் கோளை பைனாகுலரில் தேடலாமா?

பதில்: தேடலாம். சூரியனைவிட்டு 28 டிகிரிக்கு மேல் அது விலகாது, அந்தியை விட்டால் வேறு நேரமும் இல்லை. மாலையில் சூரியன் முழுதாக மறைந்த பிறகே தொடங்குங்கள். விடியலில்தான் ஆபத்து அதிகம்: தேடும் மும்முரத்தில் இருக்கும்போதே சூரியன் எட்டிப் பார்த்துவிடும். உதய நேரத்தை முன்பே பார்த்துவைத்து, பத்து நிமிடம் முன்னதாகப் பைனாகுலரை மூடி வையுங்கள்.