வாசகர் கேள்வி – பதில்: ஸ்டேட்டன் தீவுக்கு வராத சுரங்க ரயில்

கேள்வி: என் மகள் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில் குடியிருக்கிறாள். மன்ஹாட்டனில் உள்ள அலுவலகத்துக்குப் படகில்தான் போய் வருகிறாள். சுரங்க ரயிலுக்குப் பேர்போன அந்த நகரத்தில் இந்தத் தீவை மட்டும் ஏன் விட்டுவிட்டார்கள்?
– வாசகி, திருநெல்வேலி

பதில்: விட்டுவிடும் எண்ணம் தொடக்கத்தில் இருக்கவில்லை. ஸ்டேட்டன் தீவு 1898இல் நியூயார்க் மாநகரத்தோடு இணைந்தது. அதே மாநகரத்தின் இன்னொரு பகுதியான புருக்ளினில் நான்காம் அவென்யூவின் கீழே சுரங்க ரயில் பாதை அமைத்தபோது, பின்னாளில் ஒரு கிளை தீவை நோக்கிப் பிரியும் என்று எதிர்பார்த்து, 59ஆம் தெரு நிலையத்துக்குத் தெற்கே அதற்கு இடம் விட்டே கட்டினார்கள். புருக்ளினுக்கும் தீவுக்கும் இடையே இருப்பது நேரோஸ் நீரிணை. அதன் அடியில் செல்லும் சுரங்கத்துக்கான பணியை 1923இல் மேயர் ஜான் ஹைலன் தொடங்கிவைத்தார்.

அந்தச் சுரங்கத்தில் பயணிகள் ரயிலோடு சரக்கு ரயிலும் ஓட வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்ததே, என் பார்வையில், திட்டத்தைக் கெடுத்தது. சரக்கு என்றதுமே பெரிய ரயில் நிறுவனங்களின் நலன்களும், துறைமுகத்துக்குக் குறுக்கே வேறொரு சரக்குச் சுரங்கம் அமைக்கத் தனித் திட்டம் வைத்திருந்த துறைமுக ஆணையமும், ஆளுநர் ஆல் ஸ்மித்துடன் ஹைலனுக்கு இருந்த அரசியல் பகையும் ஒன்றாக வந்து குறுக்கே நின்றன. வெறும் பயணிகள் பாதையாக இருந்திருந்தால் இவ்வளவு எதிரிகள் சேர்ந்திருக்க மாட்டார்கள். ஏறத்தாழ 150 அடி தோண்டிய நிலையில் 1925இல் பணி நின்றது. அந்த ஆண்டே ஹைலனும் கட்சியின் வேட்பாளர் தேர்தலில் ஜிம்மி வாக்கரிடம் தோற்றார். தோண்டிய குழிகளை மக்கள் ‘ஹைலனின் குழிகள்’ என்று அழைத்தார்கள்.

மனத்தை வருத்தும் செய்தி இன்னொன்று உண்டு. தீவின் ரயில் பாதையை அப்போது நடத்திய பால்டிமோர் அண்டு ஓஹியோ நிறுவனம், சுரங்கம் வந்துவிடும் என்று நம்பி, புருக்ளின் தடத்திலும் ஓடக்கூடிய வடிவில் பெட்டிகளை வாங்கி, அதே 1925இல் மின்சார ரயிலையும் ஓடவிட்டது. இணைய வேண்டிய பாதை மட்டும் வரவில்லை.

கேள்வி: பிறகு பெரிய பாலம் கட்டினார்களே, அதன் மேல் தண்டவாளம் போட்டிருக்கக் கூடாதா?
– வாசகர், காரைக்குடி

பதில்: போட்டிருக்க வேண்டும் என்றே நானும் கருதுகிறேன். புருக்ளினையும் தீவையும் இணைக்க 1964 நவம்பரில் திறக்கப்பட்ட வெரசானோ பாலத்தில், இரு கோபுரங்களுக்கும் இடைப்பட்ட நடுப்பகுதி 4,260 அடி நீளமுடையது; அன்று உலகிலேயே மிக நீளமான தொங்குபாலம் அதுதான். வடிவமைத்தவர் ஓத்மார் அம்மான். பின்னால் நின்று நடத்தியவர், நகரத்தின் போக்குவரத்தைக் காரை மையமாக வைத்தே திட்டமிட்ட ராபர்ட் மோசஸ். ரயிலுக்கு அதில் இடம் ஒதுக்கவில்லை. ரயிலின் பாரத்தைத் தொங்குபாலம் தாங்க வேண்டுமானால் அதை வடிவமைப்பிலேயே கணக்கிட்டாக வேண்டும் என்பதால், பின்னர் சேர்ப்பது எளிதன்று. பாலத்துக்கு முன், 1960இல், சுமார் 2,22,000 ஆக இருந்த தீவின் மக்கள்தொகை 2020இல் சுமார் 4,96,000 ஆகிவிட்டது. வந்து குடியேறியவர்கள் காரை நம்பியே வாழப் பழகிவிட்டார்கள்.

கேள்வி: இனி எப்போதாவது அந்தச் சுரங்கம் வருமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இப்போதைக்கு நிதி ஒதுக்கிய திட்டம் எதுவும் இல்லை. தீவுக்குள் செயின்ட் ஜார்ஜ் முதல் டோட்டன்வில் வரை 14 மைல் நீளமுள்ள ரயில் பாதை, நகரத்தின் மற்றப் பாதைகளோடு சேராமல் தனித்தே இயங்குகிறது. செயின்ட் ஜார்ஜில் இறங்குவோர் படகேறி ஏறக்குறைய 25 நிமிடத்தில் மன்ஹாட்டனை அடைகிறார்கள். 1997 முதல் படகுக்குக் கட்டணம் கிடையாது. இலவசப் படகு நல்ல சேவைதான், ஆனால் அது புருக்ளினுக்குப் போக வேண்டியவரையும் முதலில் மன்ஹாட்டனுக்கே கொண்டுபோய் விடுகிறது. சுரங்கம் தீர்த்திருக்க வேண்டிய குறை இதுவே. என்றாவது இதை மீண்டும் கையில் எடுப்பவர்கள், சரக்கைச் சேர்க்காமல், பயணிகளுக்கு மட்டுமான பாதையாகக் கேட்க வேண்டும்.