சி மொழியில் மெம்காப்பி போட்டதும் அர்ரே கெடுவது ஏன்?

கேள்வி: பலதுறைத் தொழிற்கல்லூரித் திட்டப்பணிக்காக வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) புளோக்கின் மின்தூக்கி அதிர்வை நொடிக்கு 1,000 முறை அளக்கிறேன். 1,024 இன்ட் (முழு எண்) உள்ள அர்ரேயை ஒவ்வொரு முறையும் ஓரிடம் தள்ளி, புதிய எண்ணை முதலில் வைக்கிறேன். வேகத்துக்காக, நினைவகத் துண்டை அப்படியே நகலெடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனைப் போட்டேன். மடிக்கணினியில் சரி, போர்டில் ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறது.

பதில்: எடுக்கும் இடமும் வைக்கும் இடமும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. அப்படி விழாது என்று நம்பித்தான் மெம்காப்பி வேலை செய்கிறது. 7, 9, 4 என்று இருப்பதை முன்னிருந்து தள்ளினால், 9 இருந்த இடத்தில் முதலில் 7 ஏறும். அடுத்து அந்த 7-தான் நகலாகும். முடிவில் 7, 7, 7. மடிக்கணினியின் ஜிலிப்சி (லினக்ஸின் சி நூலகம்) தற்செயலாகக் காப்பாற்றியிருக்கிறது, அவ்வளவுதான். 2010-ல் அதே ஜிலிப்சி நகலெடுக்கும் திசையை மாற்றியதும் ஃபெடோரா 14 லினக்ஸில் ஃபிளாஷ் பிளேயரின் ஒலி கெட்டுப்போனது.

உடனடித் தீர்வு, இடம் மோதினாலும் சரியாக நகலெடுக்கும் மெம்மூவ்: மெம்மூவ்(அ + 1, அ, 1023 * சைஸ்ஆஃப் அ[0]). சைஸ்ஆஃப் அ என்று மட்டும் எழுதாதீர்கள். ஃபங்ஷனுக்கு அனுப்பிய அர்ரே, அதற்குள் வெறும் பாயிண்டர் (முகவரி). 64-பிட்டில் 8 பைட், 32-பிட் போர்டில் 4 பைட்தான் கிடைக்கும்.

ஆனால் நொடிக்கு 40 லட்சம் பைட்டுக்கு மேல் நகர்த்துவதே வீண். பலதுறை மருந்தகத்தில் ஓர் எண்ணைக் கூப்பிட்டால் எல்லாரும் நாற்காலி மாறி உட்காருவதில்லையே! எண்களை நகர்த்தாமல், அடுத்து எழுதும் இடத்தை (தலை) மட்டும் சுற்றிச் சுற்றி நகர்த்தும் ரிங் பஃபர் போடுங்கள்: அ[தலை] = புதியது; தலை = (தலை + 1) & 1023. தலை அன்சைன்டாக (எதிர்ம எண் ஏற்காத வகை) இருக்கட்டும். 1,024 இரண்டின் அடுக்கு என்பதால்தான் & செல்லும்; 1,000 என்றால் % வேண்டும்.

எஃப்எஃப்டிக்கு (அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் கணக்கு) வரிசையாகத் தரவேண்டுமானால், தனி அர்ரேக்கு இரண்டு மெம்காப்பி: முதலில் அ + தலையிலிருந்து 1024 - தலை எண்கள், பிறகு அதன் பின்னால் அ-வின் முதல் தலை எண்கள். இங்கே இடம் மோதாது. பழையது முன்னால், புதியது கடைசியில் வரும் என்பதைக் கவனியுங்கள்.

ஃபார் லூப் மெதுவானது என்று முடிவுகட்டுமுன், கம்பைலரின் வேகப்படுத்தும் நிலையான -ஓ2 போட்டு அளந்து பாருங்கள். ஜிசிசி கம்பைலர் 10-ஆம் பதிப்பு முதல் அந்த நிலையிலேயே எளிய நகல் லூப்பை அதுவே மெம்காப்பியாக மாற்றிவிடும்.

மடிக்கணினியில், நினைவகப் பிழைகளைப் பிடிக்கும் -எஃப்சானிடைஸ்=அட்ரஸ் என்பதைச் சேர்த்து கம்பைல் செய்து ஓட்டினால், இடம் மோதும் மெம்காப்பியை வரி எண்ணோடு காட்டி நிறுத்தும். வரி எண் வர -ஜி-யும் சேருங்கள்.