ஹெச்.ஓ.ஏ. சந்தா கட்டுகிறோம், அப்புறம் மட் வரி எதற்கு?

கேள்வி: டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே கேட்டி பக்கம் மனை பிரித்துக் கட்டும் ஒரு புது சப்டிவிஷனில் 4 லட்சம் டாலருக்கு வீடு பார்த்திருக்கிறோம். ஹெச்.ஓ.ஏ. சந்தா தனி, 'மட்' வரி தனி என்கிறார் ஏஜென்ட். இரண்டும் ஒரே வேலைக்குத்தானே? சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டுக்குத் தரும் ஹோம்ஸ்டெட் வரிச் சலுகை வாங்கினால் குறையாதா? எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம்.

பதில்: ஒரே வேலை இல்லை. ஹெச்.ஓ.ஏ. என்பது வீட்டுக்காரர்களின் தனியார் சங்கம். நீச்சல் குளம், நுழைவாயில் புல்வெளி, வேலிக்கு என்ன நிறம் என்ற விதி எல்லாம் அதன் கையில். மட் எனப்படும் எம்.யூ.டி. ஒரு குட்டி அரசு அமைப்பு. உங்கள் சப்டிவிஷன் எந்த நகராட்சிக்குள்ளும் இல்லையென்றால் குடிநீர், கழிவுநீர், மழைநீர் வடிகால் எல்லாம் பெரும்பாலும் அதன் பொறுப்புதான். சில மட்கள் குப்பை அள்ளவும் ஏற்பாடு செய்கின்றன. தெருக்குழாய் உடைந்தால் ஹெச்.ஓ.ஏ.வைக் கூப்பிட்டுப் பயனில்லை.

மட் வரி எதற்குப் போகிறது? டெவலப்பர் முதலில் தன் பணத்தில் குழாயும் வடிகாலும் போடுகிறார். பிறகு மட் அமைப்பு பாண்ட், அதாவது கடன் பத்திரம், வெளியிட்டுக் கடன் வாங்கி, அந்தச் செலவை அவருக்குத் திருப்பித் தருகிறது. அந்தக் கடனை அடைப்பது நீங்கள். 100 டாலர் மதிப்புக்கு 1 டாலர் வரி என்று வைத்துக்கொண்டால், உங்கள் வீட்டுக்கு வருடம் 4,000 டாலர். வீடுகள் பெருகப் பெருக விகிதம் பொதுவாக இறங்கும். ஆனால் புதிதாகப் பாண்ட் வந்தால் இறங்காமலும் நிற்கும். எத்தனை பாண்டுக்கு வாக்காளர் அனுமதி உண்டு, அதில் எவ்வளவு வெளியாகிவிட்டது என்பதெல்லாம் வாங்குபவருக்கான நோட்டீஸில் இருக்கும். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே அதைத் தர வேண்டும் என்பது சட்டம். வீடு கைமாறும் குளோசிங் அன்று காகிதக் கட்டோடு சேர்த்துப் புரட்டிவிடாதீர்கள்.

ஹோம்ஸ்டெட்டை நம்பிக் கணக்குப் போட வேண்டாம். சட்டப்படி கட்டாயமான பெரிய தள்ளுபடி பள்ளி வரிக்கு மட்டும்தான். மட் விரும்பினால் தானாகக் கொஞ்சம் தரலாம், கட்டாயமில்லை.

இன்னொரு பொறி இருக்கிறது, புது வீடு வாங்கும் பலரும் இதில்தான் மாட்டுகிறார்கள். டெக்சாஸில் ஜனவரி 1 அன்று இருந்த நிலையை வைத்தே அந்த வருட வரி. அன்று உங்கள் மனை வெறும் மண்ணாக இருந்திருந்தால் முதல் வருட பில் சின்னதாக வரும். வங்கி அதை வைத்து எஸ்க்ரோ (வரி கட்டுவதற்காக மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்துவைக்கும் பணம்) பிடித்தால், அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி விழும்போது மாதத் தவணை தடாலென்று ஏறும். பற்றாக்குறையையும் சேர்த்து வசூலிப்பார்கள். அதனால் முழு மதிப்புக்கே எஸ்க்ரோ போடச் சொல்லி இப்போதே கேளுங்கள்.

ஹெச்.ஓ.ஏ. சந்தா சின்னத் தொகைதானே என்று விட்டுவிடாதீர்கள். பாக்கி வைத்தால், குடியிருக்கும் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுபோகும் அதிகாரம் பெரும்பாலான சங்கங்களுக்கு உண்டு. குடியிருக்கும் வீட்டைக் கடன்காரர்களிடமிருந்து காக்கும் ஹோம்ஸ்டெட் பாதுகாப்பு அங்கே செல்லாது என்று டெக்சாஸ் உச்ச நீதிமன்றம் 1987-லேயே சொல்லிவிட்டது. அபராதத் தொகைக்காக மட்டும் அப்படிச் செய்ய முடியாது, அது ஒரு ஆறுதல். வாசலில் பிள்ளையார் வைக்கலாமா என்று கவலைப்படுபவர்களுக்கு: மத அடையாளங்களைப் பொதுவாகத் தடுக்க முடியாதபடி மாநிலச் சட்டம் இருக்கிறது, 2021-ல் அதை இன்னும் விரிவாக்கினார்கள்.

விசா விஷயம். மட் அமைப்பை நடத்தும் 5 இயக்குநர்களைத் தேர்ந்தெடுப்பது பதிவு பெற்ற வாக்காளர்கள். குடியுரிமை இல்லாமல் உங்களுக்கு அங்கே ஓட்டு இல்லை. ஆனாலும் கூட்டம் பொதுவானது, போய்ப் பேசலாம். ஹெச்.ஓ.ஏ.வில் வீட்டுக்காரர் என்பதே தகுதி, விசா குறுக்கே வராது. மனைகள் விற்றுத் தீரும்வரை அங்கே டெவலப்பர் கைதான் ஓங்கியிருக்கும். முக்கால்வாசி விற்று 120 நாளுக்குள் நிர்வாகக் குழுவில் மூன்றில் ஒரு பங்கையாவது வீட்டுக்காரர்கள் தேர்ந்தெடுக்க விட வேண்டும். உங்கள் சப்டிவிஷனில் எத்தனை மனை விற்றிருக்கிறது என்று பில்டரிடம் கேளுங்கள்.